தாமஸ் பெயின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரூசோ, வோல்டேர், ஜான் லாக் என்று பாடப்புத்தகத்தில் வரிசையாக வருவார்கள். தாமஸ் பெயின் பெயர் அந்த வரிசையில் வந்தாலும் ஒரு வரியோடு போய்விடும். படிக்கிறவர்களுக்கு அவரைப் பற்றி எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

யார் இந்த தாமஸ் பெயின்? நாலு வரியில் சொல்ல முடியுமா?

1737இல் இங்கிலாந்தின் தெட்ஃபோர்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். 37 வயதுவரை தொட்டதெல்லாம் தோல்வி. அதற்கப்புறம் அமெரிக்கா போய், மன்னராட்சியே வேண்டாம் என்று 'காமன் சென்ஸ்' என்ற ஒரு சிறு நூல் எழுதி, அமெரிக்க விடுதலைக்கு மக்கள் மனதைத் தயார் செய்தார். பிறகு பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்து எழுதி, இங்கிலாந்தில் ராஜதுரோக வழக்கு வாங்கி, பிரான்ஸில் நாடாளுமன்ற உறுப்பினராகி, அதே பிரான்ஸில் சிறைக்கும் போனார். 1809இல் நியூயார்க்கில் இறந்தபோது சவ ஊர்வலத்தில் பின்னால் நடந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவரைத் தத்துவவாதி என்று சொல்வது சரியா? புதிதாக என்ன சொன்னார்?

நியாயமான சந்தேகம். மக்களின் சம்மதத்தால்தான் அரசு, மனிதனுக்குப் பிறப்புரிமைகள் உண்டு என்பதெல்லாம் அவருக்கு நூறு வருஷம் முன்பே ஜான் லாக் எழுதியவை. மதநூல்களைக் கேள்வி கேட்ட அறிஞர்களும் அவருக்கு முன்னால் நிறையப் பேர். ஆனால் அவர்கள் எழுதியது படித்தவர்களுக்கு. பெயின் எழுதியது தச்சருக்கும் தறிக்காரருக்கும், குறிப்புகள் இல்லாமல், லத்தீன் மேற்கோள் இல்லாமல், ஒருவர் வாசிக்க நாலு பேர் கேட்டால் புரிகிற மாதிரி. அவருக்கு வந்த அத்தனை வினையும் இதனால் வந்ததுதான் என்பது என் கட்சி. கருத்துக்காக மட்டும் என்றால் அவரைக் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள். கீழே வழக்கைப் பற்றிச் சொல்லும்போது இதற்கு அரசுத் தரப்பே கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது, பாருங்கள்.

அமெரிக்கா போவதற்கு முன்னால் என்னதான் செய்தார்?

அப்பா குவேக்கர் என்ற, போரையும் கொலையையும் ஏற்காத கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், பெண்கள் உடுப்புக்குள் இறுக்கிக் கட்டுகிற கச்சைகளைத் தைக்கிற தொழில். பையன் சுமார் 13 வயதில் பள்ளியை விட்டு அப்பாவிடமே தொழில் பழகினான். நடுவில் கொஞ்ச நாள் கப்பலில் போனார். திரும்பி வந்து கடை வைத்தார், நடக்கவில்லை. 1759இல் கல்யாணம், மனைவி சீக்கிரமே இறந்துபோனார். பிறகு கலால் துறையில் வேலை. சரக்கை நேரில் பார்க்காமலே பார்த்ததாகக் கணக்கு எழுதினார் என்று 1765இல் வேலை போனது, கெஞ்சிக் கேட்டுத் திரும்ப வாங்கினார்.

அடுத்துப் போன ஊர் லூயிஸ். அங்கே 1771இல் இரண்டாம் கல்யாணம், புகையிலைக் கடை, சத்திரத்தில் நண்பர்களோடு அரசியல் வாதம். கலால் அதிகாரிகளுக்குச் சம்பளம் ஆண்டுக்கு 50 பவுண்டு, குதிரை வைத்துக் காப்பாற்றும் செலவும் அதிலேயே. இது பத்தாது, பசி இருக்கிற இடத்தில் லஞ்சம் வரத்தான் செய்யும் என்று 1772இல் சக ஊழியர்களுக்காக ஒரு மனு எழுதி அச்சிட்டு, லண்டன் போய் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. சம்பள உயர்வு கேட்டுப் போராடிய ஓர் அரசு ஊழியராகத்தான் அவருடைய எழுத்து வாழ்க்கை தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். 1774இல் வேலையும் போனது, கடையும் ஏலம் போனது, மனைவியும் பிரிந்தார். எல்லாம் ஒரே வருஷத்தில்.

லண்டனில் பழக்கமாகியிருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார். வழியில் கப்பல் முழுக்கக் காய்ச்சல், 1774 நவம்பர் கடைசியில் ஃபிலடெல்ஃபியாவில் அவரைத் தூக்கிக்கொண்டுதான் இறக்கினார்கள்.

'காமன் சென்ஸ்' நூலில் அப்படி என்ன இருந்தது?

1776 ஜனவரி 10ஆம் தேதி வந்தது. ஐம்பது பக்கம்கூட இல்லை. ஆசிரியர் பெயர் கிடையாது, 'ஓர் ஆங்கிலேயர் எழுதியது' என்று மட்டும். தலைப்பை யோசித்துக் கொடுத்தவர் பெஞ்சமின் ரஷ் என்ற மருத்துவர்.

அந்தச் சமயத்தில் பிரிட்டிஷ் படைகளோடு சண்டை தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் குடியேற்ற மக்களில் பெரும்பாலோர் மன்னர் நல்லவர், அமைச்சர்கள்தான் கெட்டவர்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெயின் நேராக மன்னர் மேலேயே கை வைத்தார். இங்கிலாந்து அரச வம்சத்தின் மூலவர் வில்லியம் யார்? ஆயுதக் கும்பலோடு வந்து இறங்கிய ஒரு பிரெஞ்சு முறைதவறிய பிள்ளை, அதில் என்ன தெய்வீகம் இருக்கிறது என்று கேட்டார். பரம்பரை ஆட்சி இயற்கைக்கே ஒவ்வாதது, இல்லாவிட்டால் சிங்கம் கேட்ட இடத்தில் இயற்கை இத்தனை தடவை கழுதையைக் கொடுக்குமா என்று கிண்டல் செய்தார். ஒரு கண்டத்தை ஒரு தீவு என்றைக்கும் ஆள்வது என்ன நியாயம் என்பதும் அவர் கேள்விதான்.

எனக்குப் பிடித்த இடம் இன்னொன்று. அமெரிக்காவின் ராஜா எங்கே என்று யாராவது கேட்டால் என்ன செய்வது? ஒரு நாள் குறித்து, சாசனத்தை எடுத்து வந்து வேதநூலின் மேல் வைத்து, அதன் மேல் கிரீடத்தை வையுங்கள், இங்கே சட்டம்தான் ராஜா என்று உலகத்துக்குத் தெரியட்டும் என்கிறார். அதோடு விடவில்லை. பிற்பாடு யாரும் அந்தக் கிரீடத்தைத் தவறாகப் பயன்படுத்தக்கூடாது என்பதற்காக, விழா முடிவில் அதை உடைத்து, அதற்கு உரியவர்களான மக்களுக்கே இறைத்துவிடுங்கள் என்கிறார். அரசியல் சாசனம் என்ற வறண்ட விஷயத்தைக் கண்ணால் பார்க்கிற காட்சியாக மாற்றத் தெரிந்த ஆள்.

எத்தனை பிரதி விற்றது? லட்சக்கணக்கில் என்கிறார்களே?

மூன்று மாதத்தில் 1,20,000 என்று பெயினே சொல்லிக்கொண்டார். பிறகு வந்தவர்கள் ஐந்து லட்சம்வரை ஏற்றிவிட்டார்கள். இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் இதை நம்புவதில்லை, அன்றைய அச்சகங்களின் சக்தியைப் பார்த்தால் எனக்கும் நம்பிக்கை வரவில்லை. பதிப்பு மேல் பதிப்பாக ஊர் ஊராக அச்சானது என்பது மட்டும் நிச்சயம். தன் பங்கு லாபத்தைக் குளிரில் கிடந்த போர்வீரர்களுக்குக் கையுறை வாங்கக் கொடுத்துவிடச் சொன்னார். முதல் அச்சகக்காரர் ராபர்ட் பெல் லாபமே இல்லை என்று கையை விரிக்க, இருவருக்கும் பத்திரிகைகளிலேயே சண்டை நடந்தது. எழுத்தாளர், பதிப்பாளர் தகராறு எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் இருக்கும் போல.

போரில் கலந்துகொண்டாரா?

படையோடு இருந்தார், ஆனால் துப்பாக்கியால் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. 1776 டிசம்பரில் வாஷிங்டனின் படை தோற்றுப் பின்வாங்கிக்கொண்டிருந்தது, வீரர்கள் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது பெயின் எழுதியது 'தி அமெரிக்கன் கிரைசிஸ்' வரிசையின் முதல் கட்டுரை. 'மனிதர்களின் ஆன்மாவைச் சோதிக்கும் காலம் இது' என்று தொடங்கும். டிரென்டன் தாக்குதலுக்கு முன்னால் வீரர்களுக்கு இதை வாசித்துக் காட்டினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. 2009இல் ஒபாமா பதவியேற்பு உரையை முடிக்கும்போது இதே கட்டுரையிலிருந்து ஒரு பகுதியைச் சொன்னார். வாஷிங்டன் வாசிக்கச் சொன்ன வார்த்தைகள் என்றார், எழுதியவர் பெயரைச் சொல்லவில்லை.

எட்மண்ட் பர்க்கோடு என்ன தகராறு?

வேடிக்கை என்னவென்றால் இருவரும் முதலில் நண்பர்கள். பெயின் 1787இல் ஐரோப்பா திரும்பியது புரட்சிக்காக அல்ல, தான் வடிவமைத்த இரும்புப் பாலத்துக்கு ஆதரவு தேடி. அந்தச் சமயத்தில் பர்க் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருக்கிறார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அமெரிக்கர்கள் பக்கம் பேசிய பர்க் பிரெஞ்சுப் புரட்சியையும் ஆதரிப்பார் என்று நம்பி, பாரிஸிலிருந்து அவருக்குக் கடிதமும் எழுதினார். பர்க் 1790 நவம்பரில் புரட்சியைக் கிழித்துத் தொங்கவிட்டு ஒரு பெரிய நூல் போட்டார். பெயின் அடுத்த மார்ச்சிலேயே 'ரைட்ஸ் ஆஃப் மேன்' என்ற பதிலைக் கொண்டுவந்துவிட்டார்.

வாதத்தின் மையம் இதுதான். 1688இல் ஆங்கிலேய நாடாளுமன்றம் தங்களையும் தங்கள் சந்ததியையும் காலாகாலத்துக்கும் அரச வம்சத்துக்குக் கட்டுப்படுத்திவிட்டது என்றார் பர்க். செத்துப்போனவர்கள் உயிரோடு இருப்பவர்களைக் கட்டுப்படுத்த அதிகாரம் ஏது, ஒவ்வொரு தலைமுறையும் தன் காரியத்தைத் தானே முடிவு செய்துகொள்ளும் என்றார் பெயின். பிரெஞ்சு ராணிக்காகப் பர்க் உருகியதைப் பற்றி, இறகைப் பார்த்து இரங்குகிறார், சாகிற பறவையை மறந்துவிட்டார் என்று ஒரே வரியில் முடித்தார்.

பர்க் பக்கமும் நியாயம் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. இந்தப் புரட்சி ரத்தத்தில் போய், கடைசியில் ஒரு படைத்தலைவன் கையில் முடியும் என்று அவர் எழுதியது அப்படியே நடந்தது. பெயின் அதை எதிர்பார்க்கவில்லை.

வழக்கு எதற்காக?

1791இல் வந்த முதல் பாகத்தின் விலை மூன்று ஷில்லிங், ஏழைகள் வாங்குகிற விலை இல்லை. அரசும் பேசாமல் இருந்தது. 1792இல் இரண்டாம் பாகம் வந்தது, கூடவே ஆறு பென்னிக்கு மலிவுப் பதிப்புகளும் வந்தன. அவ்வளவுதான், மே மாதம் அரச பிரகடனம், வழக்கு, ஊருக்கு ஊர் பெயினின் கொடும்பாவி எரிப்பு. அவர் பெயரின் முதலெழுத்துகள் பதித்த ஆணிகளைச் செருப்பின் அடியில் அடித்துக்கொண்டு நடந்தார்கள் என்றும் சொல்வார்கள், நாள் முழுக்க அவரை மிதிக்கலாமே!

1792 டிசம்பர் 18ஆம் தேதி விசாரணை. பெயின் செப்டம்பரிலேயே பிரான்ஸ் போய்விட்டதால் அவர் இல்லாமலே நடந்தது. அரசுத் தலைமை வழக்கறிஞர் மெக்டொனால்டு சொன்னது இது: முதல் பாகத்தை விவரமறிந்தவர்கள்தான் படிப்பார்கள், அவர்களே தள்ளிவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன்; இரண்டாம் பாகத்தையோ இதையெல்லாம் எடைபோடத் தெரியாதவர்கள் கையில் திணிக்கிறார்கள், குழந்தைகளுக்கு மிட்டாய் பொட்டலம் கட்டும் காகிதத்தில்கூட இது இருக்கிறது. அதாவது குற்றம் எழுத்தில் பாதி, விலையில் பாதி. ஜூரிகள் எழுந்துபோய் ஆலோசிக்கக்கூட இல்லை, குற்றவாளி என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று பெயினுக்காக வாதாடி, பத்திரிகைச் சுதந்திரத்துக்காக முழங்கியவர் தாமஸ் எர்ஸ்கின். அதே எர்ஸ்கின் 1797இல் பெயினின் இன்னொரு நூலை விற்ற ஓர் அச்சகக்காரரைத் தண்டிக்கச் சொல்லி எதிர்த்தரப்பில் நின்று வாதாடினார். வக்கீல் தொழில் அப்படி.

முதியோர் ஓய்வூதியத்தை முதலில் சொன்னவர் இவர்தானா?

முதலில் என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் வரவுசெலவுக் கணக்கோடு ஒரு நாட்டுக்கே திட்டம் போட்ட மிக ஆரம்பகால ஆட்களில் ஒருவர். 'ரைட்ஸ் ஆஃப் மேன்' இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தைப் பாருங்கள், பழைய கலால்காரர் அங்கே வெளியே வருகிறார், பக்கம் பக்கமாக வரிக்கணக்கு. 50 வயது தாண்டிய ஏழைகளுக்கு ஆண்டுக்கு 6 பவுண்டு, 60 தாண்டினால் 10. ஏழைக் குடும்பத்தில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 4 பவுண்டு, பள்ளிக்கு அனுப்பவேண்டும். பிரசவத்துக்கு 20 ஷில்லிங். பிழைப்புத் தேடி வந்த ஊரில் செத்தவர்களுக்கு அடக்கச் செலவு. பெரிய எஸ்டேட்டுகளுக்கு ஏறிக்கொண்டே போகும் வரி. இது தர்மம் அல்ல, உரிமை என்று கூடவே எழுதுகிறார், அந்த ஏழையும் தன் ஆயுளில் வரி கட்டியிருக்கிறார் இல்லையா, அதிலிருந்து திரும்பிவருவது என்று.

1797இல் வந்த 'அக்ரேரியன் ஜஸ்டிஸ்' இதையும் தாண்டியது. கடவுள் தன் ஞானத்தால் பணக்காரர், ஏழை இருவரையும் படைத்தார் என்று ஒரு பிஷப் பிரசங்கம் செய்திருந்தார். கடவுள் ஆணையும் பெண்ணையும்தான் படைத்தார், பூமியைப் பொதுவில் கொடுத்தார் என்று அதற்கு முன்னுரையிலேயே பதில். நிலம் ஆதியில் எல்லாருக்கும் சொந்தம், உழுது பண்படுத்தியவனுக்கு பண்படுத்தியதால் கூடிய மதிப்பு மட்டும் சொந்தம், நிலத்துக்கான வாடகையை அவன் சமூகத்துக்குத் தரவேண்டும். சொத்து கைமாறும்போது ஒரு பங்கை எடுத்து நிதி சேர்த்து, 21 வயதாகும் ஒவ்வொருவருக்கும் 15 பவுண்டு ஒரே தடவையாக, 50 தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் 10 பவுண்டு. ஆண், பெண், ஏழை, பணக்காரர் வித்தியாசம் இல்லாமல். இன்றைக்கு அனைவருக்கும் அடிப்படை வருமானம் பற்றி எழுதுகிறவர்கள் முதல் பக்கத்திலேயே இந்தச் சிறு நூலுக்கு வந்துவிடுவது இதனால்தான்.

பிரான்ஸில் ஏன் சிறைக்குப் போனார்? புரட்சியை ஆதரித்தவர்தானே?

பிரெஞ்சு மொழி பேசத் தெரியாமலே பா-து-கலே தொகுதியிலிருந்து தேசிய கன்வென்ஷன் என்ற புரட்சிக்கால நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மன்னராட்சியை ஒழிக்க வேண்டும் என்பதில் உறுதியானவர், ஆனால் பதினாறாம் லூயியைக் கொல்லக்கூடாது என்றார். அமெரிக்கா விடுதலை பெற உதவிய மனிதர், அமெரிக்காவுக்கே நாடுகடத்துங்கள் என்பது அவர் யோசனை. 1793 ஜனவரியில் அவர் பேச்சின் மொழிபெயர்ப்பை இன்னொருவர் வாசிக்க, பெயின் மேடையில் நின்றுகொண்டிருந்தார். புரட்சியின் தீவிரத் தலைவர்களில் ஒருவரான மாரா குறுக்கிட்டு, இவர் குவேக்கர், மரண தண்டனை பற்றி இவர் பேச்சு எடுபடாது என்று கத்தினார். சுற்றிலும் கத்தி தீட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அப்படி எழுந்து நின்றதுதான் பெயின் வாழ்க்கையிலேயே துணிச்சலான காரியம் என்று நினைக்கிறேன்.

அந்த வருஷம் டிசம்பர் 28 அன்று கைதாகி, லக்சம்பர்க் அரண்மனையைச் சிறையாக்கியிருந்தார்களே, அங்கே அடைக்கப்பட்டார். கொல்லப்பட வேண்டியவர்களின் அறைக் கதவில் இரவில் சாக்கட்டியால் குறி போட்டுவிட்டுப் போவார்கள். பெயின் அறைக் கதவு வெளிப்பக்கம் திறப்பது, அன்று திறந்து சுவரோடு ஒட்டிக் கிடந்ததால் குறி உட்பக்கத்தில் விழுந்தது. கதவைச் சாத்தியதும் குறி உள்ளே போய்விட்டது, வந்தவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள். இது பெயினே எழுதியது, சாட்சி என்று வேறு பெரிதாக இல்லை. சில நாளில், இந்தக் கொலைகளை முன்னின்று நடத்திய ஆட்சியின் தலைவர் ரோபெஸ்பியர் வீழ்ந்தார். அதற்கப்புறமும் 1794 நவம்பரில் அமெரிக்கத் தூதர் ஜேம்ஸ் மன்றோ தலையிட்ட பிறகுதான் விடுதலை. வாஷிங்டன் தனக்காக விரலைக்கூட அசைக்கவில்லை என்று கொதித்து, 1796இல் அவரைத் திட்டி ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். கோபம் நியாயம்தான், கடிதம் தேவையில்லாத வேலை. அமெரிக்காவில் மிச்சமிருந்த பெயரும் அதில் போனது.

அவர் நாத்திகரா?

இல்லை. ஒரு கடவுளை நம்புகிறேன், அதற்கு மேல் இல்லை, இந்த வாழ்வுக்கு அப்பாலும் இன்பத்தை எதிர்பார்க்கிறேன் என்று 'ஏஜ் ஆஃப் ரீசன்' தொடக்கத்திலேயே எழுதுகிறார். கைதான அன்றுதான் அதன் முதல் பாகக் கையெழுத்துப் பிரதியை நண்பர் ஜோயல் பார்லோவிடம் சேர்த்தார். பிரான்ஸ் நாத்திகத்தை நோக்கி ஓடுகிறது, அதைத் தடுக்கவேண்டும் என்பதும் அவர் நோக்கங்களில் ஒன்று. ஆனால் பைபிளை வரி வரியாக எடுத்து, இது கடவுள் வாக்கு இல்லை, மனிதர் எழுதியது, முரண்பாடு இதோ என்று காட்டியவரைப் பாதிரிமார்கள் சும்மா விடுவார்களா? பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட்டே அவரை அழுக்கு பிடித்த குட்டி நாத்திகர் என்று எழுதினார்.

இங்கே நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. திராவிட இயக்க மேடைகளிலும் வெளியீடுகளிலும் அடிக்கடி அடிபட்ட பெயர் அமெரிக்கப் பகுத்தறிவுப் பேச்சாளர் இங்கர்சால். அந்த இங்கர்சாலுக்கு பெயின் என்றால் உயிர். சாகும்போது பெயின் பயந்து மனம் திரும்பினார் என்று ஒரு மதப் பத்திரிகை எழுதியபோது, நிரூபித்தால் ஆயிரம் டாலர் தங்கம் தருகிறேன் என்று சவால் விட்டவர் அவர்தான். மராட்டியத்தில் ஜோதிராவ் புலே 1847 வாக்கில் 'ரைட்ஸ் ஆஃப் மேன்' படித்திருக்கிறார். அடுத்த வருஷம் பெண்களுக்குப் பள்ளி திறந்தார். ஒரு புத்தகம் படித்ததால் மட்டும் அது நடந்தது என்று சொல்லமாட்டேன், சாதிக் கொடுமையைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

கடைசிக் காலம் எப்படி?

1802இல் அப்போதைய ஜனாதிபதி ஜெஃபர்சன் அழைப்பில் அமெரிக்கா திரும்பினார். பத்திரிகைகள் ஏசின. 1806இல் நியூ ரோஷெலில் ஓட்டுப் போடப் போனவரை, நீங்கள் அமெரிக்கக் குடிமகனே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். குடித்தார், உடம்பு கெட்டது. 1809 ஜூன் 8ஆம் தேதி இறந்தார், 72 வயது. குவேக்கர் இடுகாட்டில் இடம் கேட்டிருந்தார், மறுத்துவிட்டார்கள், சொந்தப் பண்ணையிலேயே புதைத்தார்கள். கொஞ்சம் நல்லதும் நிறையக் கெடுதலும் செய்தார் என்று ஒரு நியூயார்க் பத்திரிகை எழுதியது. பாரிஸிலிருந்து அவரை நம்பி வந்திருந்த போன்வில் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சொத்தில் பெரும்பகுதி போனது. அதில் ஒரு பிள்ளை பெஞ்சமின் ராணுவ அதிகாரியாகி மேற்கே போனார், கார் பந்தயச் சாதனைகளுக்குப் பேர்போன போன்வில் உப்புச் சமவெளி அவர் பெயரில்தான் இருக்கிறது.

எலும்புகள் தொலைந்துபோனது உண்மையா?

உண்மை. வில்லியம் காபெட் என்ற பத்திரிகையாளர் பெயின் உயிரோடு இருந்தவரை அவரைக் கண்டபடி திட்டியவர், பிறகு மனம் மாறினார். 1819இல் போய்க் குழியைத் தோண்டி எலும்புகளைப் பெட்டியில் போட்டு லிவர்பூலுக்குக் கொண்டுவந்தார், பிரமாதமாக நினைவிடம் கட்டுவதாகத் திட்டம். பணமும் சேரவில்லை, ஊரே சிரித்தது. 1835இல் காபெட் இறந்தபோதும் எலும்புகள் அவரிடமே இருந்தன. கடனுக்காகச் சொத்து ஏலத்துக்கு வந்தபோது ஏலக்காரர் அந்தப் பெட்டியை ஏலம் விட மறுத்துவிட்டார். அதற்கப்புறம் கைமாறிக் கைமாறி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

பெண்களைப் பற்றி, அடிமை முறையைப் பற்றி என்ன சொன்னார்?

அடிமை முறையை எதிர்த்தார். 1780இல் பென்சில்வேனியா சட்டமன்றம் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் போட்டபோது அந்த மன்றத்தின் எழுத்தர் அவர்தான். பெண்கள் விஷயத்தில் ஏமாற்றம்தான். பெண்ணுரிமைக்காக எழுதிய மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட்டோடு ஒரே பதிப்பாளர் வீட்டில் சாப்பிட்டவர், ஆனாலும் பெண்களுக்கு ஓட்டு என்ற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அவர் திட்டத்தில் பெண்களுக்குப் பணம் கிடைக்கும், வாக்கு கிடைக்காது.

எதிலிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

'காமன் சென்ஸ்' ஒரே மூச்சில் முடிந்துவிடும், ஆனால் நடுவில் கப்பற்படைக் கணக்கு வரும், தாண்டிப் போகலாம். பொறுமை இல்லை என்றால் 'அக்ரேரியன் ஜஸ்டிஸ்' மட்டும் போதும், அது இன்னும் சின்னது, இன்றைய செய்தித்தாளோடு வைத்துப் படிக்கலாம். 'ரைட்ஸ் ஆஃப் மேன்' முதல் பாகம் பர்க்குக்குப் பதில் என்பதால் பர்க் என்ன எழுதினார் என்று கொஞ்சமாவது தெரிந்துகொண்டு போனால்தான் ருசிக்கும். இல்லாவிட்டால் நேரே இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்துக்குப் போய்விடுங்கள். காப்புரிமை இல்லாததால் எல்லாமே இணையத்தில் இலவசம்.